போனில் எழுதி அச்சுக்குக் கொடுப்பது: வன்னிக் கிறிஸ்தவ எழுத்தாளருக்கு ஒரு பாவனை அனுபவம்

தியானக் குறிப்பு, பங்குத் திருவிழா மலர், ஞாயிறு பாடசாலை நாடகம் என்று எழுதும் ஆசையுள்ள பலர் கணினி வாங்கட்டும் என்று வருடக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். தள்ளிப்போட வேண்டாம். நீண்டகாலம் பாவித்த பிறகு சொல்கிறோம்: சாதாரண அன்ட்ரொயிட் போன், அதில் ஒரு தமிழ் விசைப்பலகை, பக்கத்தில் ஒரு கொப்பி. 32 பக்கச் சிறுநூல் வரைக்கும் இது தாராளம்.

குரல் தட்டச்சு முதல் வரைவுக்கு நல்ல உதவி. "வந்தவை, போயிட்டினம்" என்று நம் பேச்சில் சொன்னால் தடுமாறும். எழுத்து நடையில், ஒரு மூச்சுக்கு ஒரு வசனமாகச் சொன்னால் பெரும்பாலும் சரியாக விழும். ஒற்று மிகும் இடங்களைத் தவறவிடும், நிறுத்தக்குறியை நாமே போடவேண்டும். சிக்னல் குறைந்த ஊர்களில் இடையில் நின்றுவிடும். அங்கே கொப்பியில் எழுதிப் பிறகு தட்டுவதுதான் மேல்.

பெரிய தலையிடி அச்சகத்தில்தான் தொடங்குகிறது. போனில் எழுதுவது யூனிகோட், அதாவது எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறிமுறை. பக்கம் அமைப்பவர் பாமினி என்ற பழைய எழுத்துருவில் வேலை செய்தால் அதை மாற்றியே ஆகவேண்டும். பாமினியில் ஆங்கில விசைகளின் இடத்தில் தமிழ் எழுத்துகள் உட்கார்ந்திருக்கின்றன. காற்புள்ளியின் இடத்தில் இருப்பது "இ". மாற்றும் செயலி இதைக் கவனிக்காவிட்டால் "மத்தேயு 5:3, 9" என்பது "மத்தேயு 5:3இ 9" என்று அச்சாகும். சதுர அடைப்புக்குறிகள் ஜ, ஸ ஆகிவிடும். ஆகவே பக்கம் அமைத்த பின் தாளில் ஒரு படி எடுத்து, வசன எண்களை மட்டும் தனியாக, ஒருவர் வேதாகமத்தைப் பார்த்து வாசிக்க மற்றவர் சரிபார்க்க வேண்டும். திரையில் பார்த்துத் திருத்துவதை நாங்கள் நம்புவதில்லை.

பழைய மலர்களைப் பாமினியிலிருந்து யூனிகோட்டுக்குக் கொண்டுவரும்போது வேறொரு சிக்கல். அங்கே ஔகாரக் குறியின் பின்பாதியும் ளகரமும் ஒரே வடிவம். "மௌனம்" என்பது "மெளனம்" ஆகிவிடும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, "மௌனம்" என்று சரியாகத் தேடினால் அகப்படாது. "மெள", "கெள", "செள" என்று தேடி ஒவ்வொன்றாக மாற்றுங்கள்.

வேதாகமச் செயலியிலிருந்து வசனத்தைப் பிரதி எடுத்தால் வசன எண்ணும் சொல்லோடு ஒட்டிக்கொண்டு வரும். இன்னொன்று: கத்தோலிக்கர் 1995ஆம் ஆண்டுப் பொது மொழிபெயர்ப்பையும், மற்றச் சபைகளில் பெரும்பாலானோர் பழைய மொழிபெயர்ப்பையும் வாசிக்கிறார்கள். ஒன்றில் தொடக்க நூல், திருப்பாடல்கள். மற்றதில் ஆதியாகமம், சங்கீதம். எதை எடுத்தாலும் கடைசிவரை அதையே வைத்திருங்கள்.

என்ன எழுதுவது என்று கேட்பவர்களுக்கு: விதைப்பவர் உவமையை விளக்க வெளியூர் உரைநூலைத் தேடி ஓடவேண்டாம். புழுதி விதைப்பு முடித்து மழைக்காக வானத்தைப் பார்த்திருக்கும் கமக்காரருக்கு அந்த உவமை கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. தவக்காலத்தில் நம் முதியோர் பாடும் பசாம், இடம்பெயர்ந்த சபைகள் மரநிழலில் செய்த ஆராதனை, இவற்றை நாம் எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவார்கள்? துணிந்து எழுதுங்கள், உங்கள் ஊர்ச் சொல்லிலேயே எழுதுங்கள்.

சிறுநூலுக்கு ஏ4 தாளை மடித்து நடுவில் கம்பிப் பின் அடிப்பார்கள். ஒரு தாளுக்கு 4 பக்கம், 8 தாளுக்கு 32. உங்கள் எழுத்து 29 பக்கத்தில் முடிந்தால் 3 பக்கம் வெறுமையாக நிற்கும். அதற்கு ஒரு செபமோ பாட்டோ முன்கூட்டியே வைத்திருங்கள். வயதானவர்களும் வாசிப்பதால் எழுத்தளவு 12க்குக் கீழே இறங்கக்கூடாது. மடு ஆவணித் திருவிழா ஓகஸ்ட் 15 என்றால், யூன் முடிவதற்குள் எழுத்துப்படி அச்சகத்தில் இருக்கட்டும்.

அச்சகத்தில் செய்யும் திருத்தங்கள் அவர்களுடைய பாமினிக் கோப்பில் மட்டுமே இருக்கும். அதே திருத்தங்களை அன்றைக்கே போனில் உள்ள மூலப்பிரதியிலும் செய்துவிடுங்கள். மறுபதிப்பில் பழைய பிழைகள் திரும்பி வருவது பெரும்பாலும் இதைச் செய்யாமல் விடுவதால்தான்.