ரீஃபைண்ட்: ஒவ்வொரு முறையும் வட்டைத் தேடிப் பார்க்கும் பூட் மெனு

விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்திருக்கும் மடிக்கணினியில், எந்த இயங்குதளம் வேண்டும் என்று தொடக்கத்தில் கேட்கும் பூட் மெனு திடீரென்று காணாமல் போனால், பெரும்பாலும் எதுவும் அழிந்திருக்காது. லினக்ஸ் வட்டில் பத்திரமாக இருக்கும். அதை எழுப்பும் கிரப் என்ற தொடக்க நிரலும் தன் இடத்திலேயே இருக்கும். மாறியிருப்பது வரிசை. யூஇஎஃப்ஐ என்ற இன்றைய தொடக்க முறையைக் கொண்ட கணினிகளில் எந்த நிரல் முதலில் எழ வேண்டும் என்பது மதர்போர்டின் என்விராம் நினைவகத்தில் குறிக்கப்பட்டிருக்கும். அந்த நிரல்களோ வட்டில் இஎஸ்பி என்ற சிறிய ஃபேட்32 பிரிவில் இருக்கும். குறிப்பு ஒன்று சொல்லி, வட்டில் வேறொன்று இருந்தால் மெனு வராது. இவ்வளவுதான் சங்கதி. இதற்காக லினக்ஸை அழித்துவிட்டு மறுபடி நிறுவச் சொல்பவர்கள் மீது எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது.

இந்தத் தொல்லைக்கு நான் நம்பிப் பயன்படுத்துவது ரீஃபைண்ட். ரோடரிக் ஸ்மித் எழுதிய இலவச மென்பொருள். மேக் கணினிகளுக்காக எழுதப்பட்ட ரீஃபிட் என்ற பழைய நிரலிலிருந்து 2012-இல் கிளைத்தது. கிரப் தன் மெனுவை முன்கூட்டியே எழுதிய ஒரு கோப்பிலிருந்து படித்துக் காட்டுகிறது. ரீஃபைண்ட், கணினி எழும் ஒவ்வொரு முறையும் வட்டைத் தேடி, கண்ணில் படுவதையெல்லாம் மெனுவில் வைக்கிறது. லினக்ஸுக்குப் புதிய கெர்னல் (அதன் மையப் பகுதி) வந்தாலும் விண்டோஸ் வேறு வட்டுக்கு மாறினாலும் நாம் எதையும் புதுப்பிக்க வேண்டாம்.

இந்த வேறுபாட்டின் அருமை 2021-இல் கிரப் 2.06 வந்தபோது பலருக்கும் புரிந்திருக்கும். பிற இயங்குதளங்களைத் தேடும் ஓஎஸ்-புரோபர் வசதியை, பாதுகாப்புக் காரணம் சொல்லி, அந்தப் பதிப்பு இயல்பிலேயே முடக்கிவிட்டது. மெனுவைப் புதுப்பித்ததும் விண்டோஸ் வரி மறைந்தது. அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்தால் அது திரும்பி வந்துவிடும். ஆனால் அந்த ஒரு வரியைத் தெரியாதவர், விண்டோஸே போய்விட்டது என்றுதானே நினைப்பார்?

நிறுவுவதற்கு முன்பே இதைப் பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். எனக்கு இதில் மிகவும் பிடித்த அம்சம் அதுதான். அதற்கென்றே ஓர் இமேஜ் கோப்பு கிடைக்கிறது. அதைப் பென் டிரைவில் எழுதி, கணினியைத் தொடங்கும்போது பென் டிரைவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சாம்பல் நிறத் திரை வரும். நடுவே ஒரு வரிசையில் பெரிய சின்னங்கள், அதற்குக் கீழே அணைத்தல், மறுதொடக்கம் போன்ற கருவிகளுக்கான சின்னங்கள், அடியில் இருபதிலிருந்து இறங்கும் நொடிக் கணக்கு. ஒரு விசையைத் தொட்டால் கணக்கு நின்றுவிடும். அங்கிருந்து விண்டோஸும் எழுகிறது, கிரப் வழியாக லினக்ஸும் எழுகிறது என்றால் வட்டில் எந்தக் கோளாறும் இல்லை. பிழை என்விராம் வரிசையில்தான் என்று அடித்துச் சொல்லலாம். பிரச்சினை எங்கே என்று இவ்வளவு விரைவாகக் காட்டும் வேறொரு கருவியை நான் பார்த்ததில்லை.

இன்னொரு நல்ல குணமும் உண்டு. கடைசியாக எந்த இயங்குதளம் ஓடியதோ அதையே இயல்பாகத் தேர்ந்து வைக்கிறது. விண்டோஸ் புதுப்பிப்பு நடுவில் தானே மறுதொடக்கம் செய்தால், நாம் பக்கத்தில் இல்லாவிட்டாலும் அது விண்டோஸுக்கே திரும்பிப் போய் மீதி வேலையை முடிக்கிறது. கிரப்பிலும் இப்படி அமைக்கலாம், ஆனால் அதை நாம்தான் செய்ய வேண்டும்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். கண்டதையெல்லாம் காட்டுவதால் முதல் நாள் திரை சந்தைக்கடை போல இருக்கும். ஒரே லினக்ஸுக்குக் கெர்னல் ஒரு சின்னம், கிரப் ஒரு சின்னம், அவசரத்துக்கு இருக்கும் மாற்று நிரல் இன்னொரு சின்னம். வேண்டாததன் மேல் நின்று டெலீட் விசையை அழுத்தினால் அது மறைந்துவிடும். மறைத்ததை மீட்கவும் கீழ் வரிசையில் வழி இருக்கிறது. ஆனாலும் புதிதாக வருபவர் முதலில் மிரண்டுதான் போவார்.

கையொப்பமிட்ட நிரல்களை மட்டுமே எழ விடும் செக்யூர் பூட் இதைவிடப் பெரிய தலைவலி. ஷிம் என்ற துணை நிரலின் உதவியோடு ரீஃபைண்ட் அதனுடன் ஒத்துப்போகும். ஆனால் சாவியைப் பதிவு செய்யச் சொல்லி ஒரு நீலத் திரை வரும்போது என்ன செய்வது என்று தெரிந்திருக்க வேண்டும். அதோடு, விண்டோஸ் பிரிவு பிட்லாக்கர் என்ற குறியாக்க வசதியால் பூட்டப்பட்டிருந்தால், இந்த அமைப்புகளைத் தொட்டதும் மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும். நாற்பத்தெட்டு இலக்கங்கள். பென் டிரைவ் சோதனைக்குக்கூடச் செக்யூர் பூட்டை நிறுத்த வேண்டியிருக்கலாம் என்பதால், அந்த எண் கையில் இல்லாமல் ஆரம்பிக்கவே கூடாது. யார் கேட்டாலும் இதைத்தான் முதலில் சொல்கிறேன்.

சில மடிக்கணினிகளின் ஃபர்ம்வேர், அதாவது மதர்போர்டிலேயே இருக்கும் மென்பொருள், பிடிவாதமானது. என்னுடையதும் அந்த ரகம். லினக்ஸில் இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் கட்டளையால் ரீஃபைண்டை முதலிடத்தில் வைத்தாலும், அடுத்த முறை எழும்போது விண்டோஸைத் தூக்கி முன்னால் வைத்துவிடும். இதற்கும் ரீஃபைண்டோடு எம்விரீஃபைண்ட் என்ற சிறிய ஸ்கிரிப்ட் வருகிறது. விண்டோஸ் பூட் நிரல் இருக்கும் இடத்துக்கும் பெயருக்கும் ரீஃபைண்டை அது மாற்றி வைக்கும். ஃபர்ம்வேர் விண்டோஸை எழுப்புவதாக நினைத்து ரீஃபைண்டை எழுப்பும். மெச்சத்தக்க ஏற்பாடு. ஆனால் விண்டோஸின் பெரிய புதுப்பிப்பு அந்தக் கோப்பைத் திரும்ப எழுதிவிடலாம் என்பதால், வேறு வழியே இல்லாதபோது மட்டும் இதைச் செய்யுங்கள்.

யூஇஎஃப்ஐக்கு முந்தைய பழைய பயாஸ் முறையில் ஓடும் கணினிக்கு இது பயன்படாது. கெர்னல் இருக்கும் பிரிவையும் குறியாக்கம் செய்து பூட்டியிருந்தால், ரீஃபைண்டால் அதன் உள்ளே பார்க்க முடியாது. கிரப்பைக் கூப்பிட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். மற்ற யூஇஎஃப்ஐ மடிக்கணினிகளில் தயங்காமல் நிறுவலாம். கிரப்பை இது அழிப்பதில்லை, பக்கத்தில் தனிக் கோப்புறையில் உட்காருகிறது. பிடிக்காவிட்டால் அந்தக் கோப்புறையையும் என்விராமில் உள்ள அதன் பதிவையும் நீக்கினால் போதும், பழைய மெனுவே திரும்பிவிடும்.