நடைக்கு ஜனவரி, டீக்குச் சித்திரை

யாங்கோனில் (பழைய ரங்கூன்) இருக்கும் நமக்கு வருடம் இரண்டு முறை பிறக்கிறது. ஜனவரி 1 ஒன்று. சித்திரை 1 இன்னொன்று. அதே வாரத்தில்தான் பர்மியரின் திஞ்ஞானும் வருகிறது. ஏப்ரல் 13 வாக்கில் தண்ணீர் ஊற்றத் தொடங்குவார்கள், 17 வாக்கில் அவர்களுக்கு வருடப் பிறப்பு. "இந்த வருஷமாவது உடம்பைப் பார்த்துக்கணும்" என்று நம் வீடுகளில் இரண்டு முறையும் சொல்கிறோம். எதை எந்தப் புத்தாண்டில் தொடங்கினால் நிலைக்கும் என்பதைத்தான் இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

அளந்து பார்க்க ஒரு கோல் வேண்டும். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 96 பேரிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2010-ல் அச்சில் வந்தது. ஒரு புதுப் பழக்கம் யோசிக்காமல் தானாக நடக்கும் அளவுக்கு ஊற, சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாளே போதுமாக இருந்தது, சிலருக்கு 254 நாள் வரை என்று கணக்கிட்டார்கள். நடுவில் ஒரு நாள் தவறினால் பெரிய பாதிப்பு இல்லை என்பதும் அதில் தெரிந்தது. எனக்கு மிகவும் ஆறுதல் தந்த செய்தி அதுதான்.

இந்த 66 நாளை நம் ஊர் நாட்காட்டியில் வைத்துப் பாருங்கள். ஜனவரி 1-ல் தொடங்கினால் மார்ச் 8 வாக்கில் முடியும். காலையில் தோளில் ஒரு சால்வை தேவைப்படும் குளிரில் தொடங்கி, வெயில் ஏறும் நேரத்தில் முடிகிறது. ஏப்ரல் 14-ல் தொடங்கினால் ஜூன் 19. அதாவது பொசுக்கும் வெயிலில் ஆரம்பித்து, கொட்டும் மழையில் முடிகிறது. மே கடைசியில் பிடிக்கும் மழை அக்டோபர் வரை விடாது. தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும்போது யார் நடக்கப் போவார்கள்?

அதனால் நடைப்பயிற்சியைப் பொறுத்தவரை எனக்குச் சந்தேகமே இல்லை, ஜனவரிதான். போன முறை சித்திரையில் புது ஷூ வாங்கி நடக்கத் தொடங்கினேன். ஜூன் முதல் வாரத்தில் அது நனைந்து, வாசலில் காய்ந்துகொண்டிருந்தது. ஜூலையில் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது.

எங்கே நடப்பது என்பதிலும் இரண்டு கட்சி உண்டு. இன்யா ஏரிக்கரையா, ஷ்வேடகோன் புத்தர் கோயிலா? ஏரிக்கரையில் ஷூ போட்டு, கையை வீசி, மூச்சு வாங்க நடக்கலாம். வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தினம் 30 நிமிடம், வாரம் ஐந்து நாள் என்றால் கணக்குச் சரியாகிவிடும். ஷ்வேடகோனில் அந்த வேகம் வராது. வெறுங்காலில் வலமாகச் சுற்றி வருவோம், அவரவர் பிறந்த கிழமைக்குரிய மூலையில் நின்று தண்ணீர் ஊற்றுவோம், தெரிந்தவர் யாராவது எதிரே வருவார்கள். மனசுக்கு அதைப் போல வேறு கிடையாது. ஆனால் சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்களிடம் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். வெயில் ஏறிய பளிங்குத் தரையில் கால் சுட்டுக் கொப்பளித்தாலும் உங்களுக்குத் தெரியாது. போவதென்றால் விடியற்காலையில் போங்கள், வீட்டுக்கு வந்து பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். என் ஓட்டு உடம்புக்கு ஏரிக்கரை, வாரம் ஒரு நாள் ஷ்வேடகோன்.

ஜிம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கரண்ட் இருக்கிற நேரத்தை நம்பி ஒரு பழக்கத்தைக் கட்ட முடியாது. சூரிய நமஸ்காரத்துக்கு ஒரு பாய் அளவு இடம் போதும், மழையும் தடுக்காது. முழங்கால் நன்றாக இருக்கும் இளையவர்களுக்கு நல்ல வழி.

இனி டீ. இதில்தான் சித்திரை ஜெயிக்கிறது, அதற்கான காரணம் நம் ஊருக்கே உரியது. திஞ்ஞான் வந்தால் டீக்கடைகளில் பெரும்பாலானவை மூடிவிடும். வேலை செய்யும் பையன்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். வருடம் முழுக்க காலையில் ஒன்று, பதினொரு மணிக்கு ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று குடித்தவர்களுக்கு அந்தச் சில நாள் கடை டீ தானாகவே நின்றுவிடுகிறது. வீட்டில் போடும் டீயில் சர்க்கரை நம் கையில்.

கடை டீயில் என்ன இருக்கிறது என்று கணக்குப் போட்டேன். அதில் ஊற்றும் இனிப்புப் பால்டின்னில் (கண்டென்ஸ்டு மில்க்) உள்ளதில் கிட்டத்தட்டப் பாதி சேர்த்த சர்க்கரைதான். ஒரு மேசைக்கரண்டி 20 கிராம் என்றால் அதில் சுமார் 9 கிராம். 'சோ செய்ன்' என்று இனிப்பும் பாலும் தூக்கலாகக் கேட்டால் இரண்டு கரண்டியாவது விழும். அப்படி மூன்று டீ என்றால் 54 கிராம். சேர்த்த சர்க்கரையை ஒரு நாளைக்கு 50 கிராமுக்குக் கீழே, முடிந்தால் 25 கிராமுக்குள் வைத்துக்கொள்ளச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். வேறு இனிப்பு எதுவும் சேர்க்காமல், டீ மட்டுமே எல்லையைத் தாண்டிவிடுகிறது.

இதை விடுவதற்கு மூன்று வழி. முதல் வழி, ஒரேயடியாக நிறுத்துவது. மூன்று நாள் தலைவலிக்கும், அதைத் தாங்கிக்கொள்ளலாம். ஆனால் டீக்கடைக்கே போகாமல் இருக்க வேண்டிவரும், அதுதான் முடியாது. கல்யாணப் பேச்சிலிருந்து கடன் கணக்கு வரை அந்தக் குட்டை ஸ்டூலில் உட்கார்ந்துதானே பேசுகிறோம்? இரண்டாவது வழி, இனிப்பு குறைத்து, டீ தூக்கலாக 'பொ ஜா' என்று கேட்பது. மூன்றாவது வழி மேசை மேலேயே இருக்கிறது. எல்லா டீக்கடையிலும் பிளாஸ்கில் காசில்லாமல் வைத்திருக்கும் வெறும் பச்சைத் தேநீர்.

எனக்கு நின்றது இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்த வழி. முதல் கோப்பை பொ ஜா. அடுத்ததெல்லாம் பிளாஸ்க். யாரோடும் உட்கார்ந்து பேசும் நேரம் குறையவில்லை. ஜூலையில் ஒரு நாள் கடைப்பையன் மறந்துபோய் சோ செய்ன் கொண்டுவந்து வைத்தான். ஒரு வாய்க்கு மேல் உள்ளே இறங்கவில்லை, பாயசம் மாதிரி இருந்தது.

விரதம் என்றால் பர்மியர் எட்டுச் சீலம் (புத்த மதத்தின் எட்டு ஒழுக்க விதிகள்) எடுத்து, அந்த நாளில் நண்பகலுக்குப் பிறகு மறுநாள் விடியும்வரை திட உணவு தொடமாட்டார்கள். நமக்கு அமாவாசை, சஷ்டியில் ஒருபொழுது. இரண்டுமே நல்ல பழக்கம், இரண்டுமே எப்போதோ ஒரு நாள். தினசரிக்கு, ராத்திரிச் சாப்பாட்டை ஏழு மணிக்குள் முடிப்பது எளிது. சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் எந்த விரதமும் எடுக்கக் கூடாது.

தியானம் விஷயத்தில் எனக்கு மனம் கொஞ்சம் ஊசலாடுகிறது. திஞ்ஞான் விடுமுறையில் பத்து நாள் விபாசனா தியான முகாமுக்குப் போய்வருபவர்கள் உண்டு. காலை நான்கு மணிக்கு மணி அடிக்கும். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் போல உட்கார வேண்டும், பேச்சு கிடையாது, கட்டணமும் கிடையாது. போய்வந்தவர்களின் முகத்தில் தெளிவு தெரிகிறது, அதை மறுக்க மாட்டேன். மறுபக்கம், தினம் விளக்கேற்றியபின் 15 நிமிடம். இதில் நான் ஊ பா கின்னைத்தான் நினைத்துக்கொள்வேன். விபாசனாவை உலகெங்கும் பரப்பிய, மாண்டலேயில் பிறந்த கோயங்காவுக்குத் தியானம் கற்றுக்கொடுத்தவர் அவர். 1948-ல் சுதந்திர பர்மாவின் முதல் அக்கவுண்டன்ட் ஜெனரல். அத்தனை பெரிய பொறுப்பில் இருந்துகொண்டே தியானம் செய்தார், அலுவலகத்தில் கூட வேலை செய்தவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். வேலையை விட்டு ஓடாமல், வேலைக்கு நடுவில் வைத்துக்கொண்ட பழக்கம் அது. பத்து நாள் கிடைப்பவர்கள் போகட்டும். குழந்தையும் அடுப்புமாக இருப்பவர்களுக்கு 15 நிமிடத்தைத்தான் சொல்வேன், அதைச் சித்திரையில் தொடங்கலாம். மழை எவ்வளவு பெய்தாலும் விளக்கு வீட்டுக்குள்தானே இருக்கிறது.

ஒன்று பாக்கி. ஜனவரியில் தொடங்கிய நடை மழைக்காலத்தில் என்ன ஆகும்? எங்கள் வீடு நான்காம் மாடி, லிஃப்ட் கிடையாது. இங்கே எல்லா பால்கனியிலிருந்தும் ஒரு கயிறு தெருவரை தொங்கும், நுனியில் ஒரு கிளிப்பும் பையும். காலையில் அவித்த பயறு விற்கும் பெண், தலையில் தட்டோடு 'பெ பியோ' என்று கூவி வரும்போது, மேலிருந்து கயிற்றை இறக்கி வாங்கிக்கொள்வோம். பேப்பர், கீரை, மருந்து எல்லாம் அந்தக் கயிற்றில்தான் ஏறும்.

போன மழைக்காலத்தில் அத்தையிடம், "அத்தை, இனிமேல் நானே இறங்கிப் போய் வாங்கிட்டு வரேன்" என்றேன். பயறுக்கு ஒரு தடவை, கீரைக்கு ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. மூன்று முறை நான்கு மாடி ஏறினால் மூச்சு நன்றாகவே வாங்குகிறது. அத்தை ஒரு வாரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் ஒரு நாள் காலையில் கயிற்றை மேலே இழுத்து, சுருட்டி, பால்கனி ஆணியில் மாட்டிவிட்டு, "பயறுக்கு நீ போ. கீரைக்கு நான் போறேன்மா, மெதுவா ஏறிக்கிறேன்" என்றார்கள்.