சுகப்பிரசவத்துக்குப் புத்தகம்: இரண்டு பேறுகாலம் தாண்டி என்னிடம் நின்றவை

கல்யாணமாகி தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்த மறு வருடம், 2017-ல், மூத்தவள் வயிற்றில் இருந்தாள். அம்மா திருநெல்வேலியில். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஆள் இல்லாத குறையைப் புத்தகங்கள் தீர்த்துவிடும் என்று நம்பி ஏழு வாங்கினேன். அவளுக்கு அப்புறம் 2022-ல் தம்பியும் பிறந்துவிட்டான். இத்தனை வருடத்தில் அந்த ஏழில் மூன்றுதான் என்னிடம் நின்றன. இரண்டாவது முறை ஒன்று சேர்ந்தது, அதுதான் எல்லாவற்றையும்விட உதவியது.

கணவரின் ஆயா மவுண்ட் எட்ஜ்கோம்பில் கரும்புத் தோட்டத்துக் குடியிருப்பிலேயே ஐந்து பிள்ளை பெற்றவர். வீட்டில் தமிழ் பேசும் கடைசித் தலைமுறை. நான் புத்தகமும் கையுமாக இருப்பதைப் பார்த்து, "பயந்தா ஒடம்பு பூட்டிக்கும் கண்ணு" என்று மட்டும் சொன்னார். அதே கருத்தைத்தான் கிராண்ட்லி டிக்-ரீட் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1942-ல் ஒரு புத்தகமாகவே எழுதினார்: பயம் வந்தால் தசை இறுகும், இறுகினால் வலி கூடும், வலி கூடினால் இன்னும் பயம். 1940-களின் இறுதியில் அவர் ஜோகன்னஸ்பர்க்குக்கே வந்து சில வருடம் இருந்தார் என்று தெரிந்தபோது எனக்கு ஒரு நெருக்கம் வந்தது. அந்தப் பகுதியை இன்றும் படிக்கலாம். ஆனால் பெண் என்றால் தாய்மைதான் என்கிற தொனியும், அந்தக் காலத்து மருத்துவமும் நிறைய. முதல் புத்தகமாக வேண்டாம்.

அமெரிக்க மருத்துவச்சி ஐனா மே காஸ்கினின் 2003-ம் ஆண்டுப் புத்தகத்தில் முன்பாதி முழுக்கப் பிரசவக் கதைகள். வேலை முடிந்து வந்து இரவில் இரண்டு கதை படித்துவிட்டுத் தூங்குவேன், அவ்வளவு தைரியம் தரும். தைரியத்துக்கு மேல் ஒன்று தேவைப்படும் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.

நான் வாங்கியதில் ஒன்று, பழைய புத்தகக் கடையில் கிடைத்த 1990-களின் பதிப்பு. கருப்பை வாய் 3 செ.மீ. திறந்தாலே முழு வலி ஆரம்பித்துவிட்டது, அப்புறம் மணிக்கு 1 செ.மீ. திறக்க வேண்டும் என்று அதில் இருந்தது. அதை நம்பி 3 செ.மீ.-லேயே மருத்துவமனைக்குப் போய்விட்டேன். பத்து மணி நேரம் கழித்தும் 4 செ.மீ. "முன்னேற்றம் இல்லை" என்று ஆபரேஷன். அது மட்டும்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2018-ல் வெளியிட்ட பரிந்துரை, முழு வீச்சான வலி 5 செ.மீ.-லிருந்துதான், மணிக்கு 1 செ.மீ. என்பது எல்லாருக்கும் பொருந்தாது என்கிறது. அதைப் படித்த அன்று வெகுநேரம் அழுதேன். அதனால் புத்தகத்தைக் கையில் எடுத்ததும் முதலில் அச்சான வருடத்தைப் பாருங்கள். 2018-க்குப் பிந்தைய பதிப்பாக இருப்பது நல்லது.

அடுத்து, பொருளடக்கத்தில் சிசேரியனுக்கு ஒரு அத்தியாயம் இருக்கிறதா என்று பாருங்கள். என் ஏழில் ஐந்தில் அது இல்லை. தையலோடு வீட்டுக்கு வந்து, எப்படி எழுந்திருப்பது, எப்படிப் படுத்துப் பால் கொடுப்பது என்று தேடினால் ஒரு வரிகூட இல்லை. நான் தோற்றுவிட்டேன் என்ற எண்ணத்தை அந்த மௌனம்தான் எனக்குள் வளர்த்தது. இந்த நாட்டில் மெடிக்கல் எய்டில், அதாவது தனியார் மருத்துவக் காப்பீட்டில், தனியார் மருத்துவமனைக்குப் போகிறவர்களில் பத்துக்கு ஏழு பேருக்கும் மேல் சிசேரியன்தான். சுகப்பிரசவத்துக்கு எவ்வளவு தயாரானாலும் அந்த அத்தியாயம் நமக்கு வேண்டும். வேண்டாத நான்கையும் அப்போதே கொடுத்துவிட்டேன்.

2022-ல் கேள்விகளே வேறு. ஒரு சிசேரியனுக்குப் பிறகு சுகப்பிரசவம் முயன்றால் நான்கில் மூன்று பேருக்குக் கைகூடுகிறது. கருப்பைத் தழும்பு கிழியும் ஆபத்து சுமார் 200-ல் 1. இந்த இரண்டு எண்ணையும் சேர்த்துச் சொல்லும் புத்தகத்தைத்தான் நம்பினேன். ஒன்றை மட்டும் சொன்னவற்றை வாங்கவில்லை. உங்கள் தழும்புக்கு எது பொருந்தும் என்பதை மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும். எந்தப் புத்தகமும் அதைச் சொல்லிவிட முடியாது.

தென்னாப்பிரிக்காவில் பிறந்த ஜேனட் பலஸ்காஸ் எழுதியது என்னிடம் நின்ற மூன்றாவது. குந்துவது, முட்டி போடுவது எல்லாம் படத்தோடு இருக்கும், வீட்டிலேயே பழகலாம். ஆனால் தழும்பு இருந்ததால் குழந்தையின் இதயத்துடிப்பைத் தொடர்ந்து பார்க்கும் பெல்ட்டைக் கட்டிவிட்டார்கள். அதன் வயர் எட்டும் தூரத்தில் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்க மட்டும் முடிந்தது. அதுவே பெரிய ஆறுதல்.

சரி, அந்த ஒன்றுக்கு வருகிறேன். பென்னி சிம்கினின் 'தி பர்த் பார்ட்னர்'. முதலில் 1989-ல் வந்தது, அப்புறம் பலமுறை திருத்தப்பட்டது. கர்ப்பிணிக்காக எழுதியதில்லை, கூட நிற்பவருக்காக எழுதியது. முதல் தடவை எல்லாவற்றையும் நானே படித்தேன். வலி வந்ததும் படித்த எதுவும் நினைவில் இல்லை, கணவர் என்ன செய்வதென்று தெரியாமல் கையைப் பிசைந்தார். இரண்டாவது தடவை அவர் படித்தார். அந்த வருடம் லோட்ஷெட்டிங் கடுமை. கரண்ட் போகும் மாலைகளில் டார்ச் வெளிச்சத்தில் ஒரு பகுதி படிப்பார், என் இடுப்பில் செய்து பார்ப்பார், ஓரத்தில் பென்சிலால் குறிப்பார். மாமியும் உட்கார்ந்து கேட்பார்.

பதினான்கு மணி நேர வலியில் அவர் இரண்டு உள்ளங்கையாலும் இடுப்பெலும்பைப் பின்னாலிருந்து சேர்த்து அழுத்தினார். ஒவ்வொரு வலிக்கும் அழுத்தினார். அவர் கையை எடுத்தால் தாங்க முடியவில்லை. நடுவில் ஒரு முறை நர்ஸ் அவரை மாற்றிவிட்டு அழுத்தினார், அந்த அளவுக்கு இறுக்கம் வரவில்லை. விடியும்போது தம்பி பிறந்தான்.

வாங்கப் பணம் இல்லாதவர்களுக்கு ஒன்று: இங்கே *134*550# அழுத்தினால் அரசின் மாம்கனெக்ட் சேவை மாதக்கணக்குக்கு ஏற்ற செய்திகளை இலவசமாக அனுப்பும். தமிழில் வராது, ஆங்கிலம் தெரிந்தால் போதும்.

சிம்கின் புத்தகம் இதுவரை கோயிலில் பழக்கமான நான்கு வீடுகளுக்குப் போய் வந்திருக்கிறது. அட்டை கழன்று டேப் ஒட்டியிருக்கிறேன். இப்போது டொங்காட்டில், அடுத்த மாதம் பிரசவம் இருக்கும் ஒரு பெண்ணிடம் இருக்கிறது. பென்சில் குறிப்பு புரியவில்லை, சரியாக எந்த இடத்தில் அழுத்த வேண்டும் என்று அவள் கணவர் போன் செய்து கேட்டார். போனில் சொல்லி விளங்கவைக்க முடியாமல், சனிக்கிழமை என் கணவர் நேரிலேயே போய்க் காட்டிவிட்டு வந்தார்.