இராட்டையா, அசோகச் சக்கரமா?

1931-ல் காங்கிரஸ் ஏற்ற மூவண்ணக் கொடியின் நடுவில் இருந்தது இராட்டை. 1947 ஜூலை 22 அன்று அரசியல் நிர்ணய சபை ஏற்ற தேசியக் கொடியில் அந்த இடத்துக்கு அசோகச் சக்கரம் வந்தது. நிறங்கள் அப்படியே.

மனதுக்கு நெருக்கமானது இராட்டைதான். கதர் நூற்ற எவருக்கும் அது தன் கைப்பொருள். சாரநாத்தில் உள்ள அசோகர் தூணிலிருந்து எடுத்த சக்கரத்தை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கும். காந்திக்கும் இந்த மாற்றத்தில் வருத்தம் இருந்தது.

ஆனால் கொடியாகப் பார்த்தால் என் ஓட்டு சக்கரத்துக்கே. இராட்டையில் ஒரு புறம் சக்கரம், மறுபுறம் நூல் சுற்றும் கதிர். துணியின் பின்பக்கம் பார்த்தால் இரண்டும் இடம் மாறி நிற்கும். நேரு சபையில் இந்தச் சிக்கலை எடுத்துச் சொன்னார். 24 ஆரங்கள் கொண்ட கருநீல வட்டம் எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஒன்றுதான். ஒரு கட்சியின் கொடியிலிருந்து நாட்டின் கொடி வேறுபட்டுத் தெரியவும் அது உதவியது.

படத்திலிருந்து இராட்டை போனாலும் துணியில் இருந்தது. அப்போதைய விதிப்படி கொடி கைநூற்புக் கதரில்தான் செய்யப்பட வேண்டியிருந்தது. 2021 டிசம்பர் திருத்தத்தில் இயந்திரத் தயாரிப்புக்கும் பாலியெஸ்டருக்கும் அனுமதி கிடைத்தது. 1947 மாற்றத்தைவிட எனக்கு இதுதான் பெரிய இழப்பு.