மணிக்கட்டு உறை: தட்டையாகப் பின்னித் தைப்பதா, வட்டமாகவே பின்னுவதா?

ஊட்டிக் குளிருக்கு விரல் இல்லாத உறை போதும். மிச்சம் கிடக்கும் உல்லன் நூலிலேயே பின்னிவிடலாம்.

தட்டையாகப் பின்ன இரண்டு ஊசி போதும். 4 மி.மீ. ஊசி, நடுத்தரத் தடிமன் நூல் என்றால் 42 கண்ணி (ஊசியில் ஏற்றும் நூல் வளையம்) போடுங்கள். இரண்டு நிட் (நேர்ப் பின்னல்), இரண்டு பர்ல் (எதிர்ப் பின்னல்) என்று போய் முன்வரிசை இரண்டு நிட்டில் முடியும். மறுபக்கம் பர்லில் தொடங்குங்கள். தைக்கும்போது இரு ஓரத்திலும் ஒரு கண்ணி உள்ளே போய்விடுவதால் ரிப் (நிட்டும் பர்லும் மாறி மாறி வரும் மேடுபள்ள வரி) தடையில்லாமல் ஓடும். கட்டைவிரலுக்கு 5 செ.மீ. தைக்காமல் விட்டால் சரி.

வட்டமாகப் பின்ன நான்கைந்து இருமுனை ஊசி வேண்டும், 40 கண்ணி. தையல் இல்லாததால் உள்ளே உறுத்தாது. ஆனால் கட்டைவிரல் இடத்தில் மட்டும் போய்த் திரும்பிப் பின்னி மறுபடி இணைக்க வேண்டும்.

மிச்ச நூல் என்றாலே நிறம் மாறிக்கொண்டே இருக்கும். வட்டத்தில் ஒவ்வொரு மாற்றத்திலும் கோடு ஒரு படி ஏறித் தெரியும். தட்டையில் அது கிடையாது. தொங்கும் நூல் முனைகளையும் தையலுக்குள் ஒளித்துவிடலாம். அதனால் துண்டு நூலுக்கு எனக்குத் தட்டைதான். ஒரே நிறத்தில் முழு உருண்டை மிஞ்சியிருந்தால் வட்டம். அதையும் முதலில் தராசில் வைத்துச் சரிபாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் இரண்டாவது கைக்கு நூல் பற்றாது.