குட்டன்பர்க் மின்னூலகத்தில் உலக இலக்கியம்

நல்ல நூல் ஒன்றைப் படித்து முடித்தவுடன் அதை இன்னொருவர் கையில் திணித்துவிட வேண்டும் என்று தோன்றுவது வாசகர்களுக்கு உள்ள பொதுவான நோய். அந்த நோயால் நான் இழந்த புத்தகங்கள் அலமாரியின் ஒரு தட்டை நிரப்பும். இரவல் வாங்கியவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அவர்களும் அதே நோய் முற்றி அடுத்தவருக்குக் கொடுத்திருப்பார்கள். கொடுத்தாலும் குறையாத புத்தகம் வேண்டும் என்ற எண்ணத்தில்தான் குட்டன்பர்க் திட்டத்தின் இணைய நூலகத்தை முறையாகப் பயன்படுத்தத் தொடங்கினேன். பிறமொழி இலக்கியங்களைப் படிப்பதற்கும், படித்ததை நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதற்கும் அது எவ்வளவு தூரம் துணை செய்கிறது என்பதை மட்டுமே இங்கு மதிப்பிடுகிறேன். அதிலுள்ள அறிவியல் நூல்களையும் அகராதிகளையும் பற்றிப் பேசும் தகுதி எனக்கில்லை.

இல்லினாய் பல்கலைக்கழக மாணவரான மைக்கேல் ஹார்ட், 1971ஆம் ஆண்டு ஜூலை 4 அன்று, அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தை அங்கிருந்த பெருங்கணினியில் தட்டச்சு செய்து வைத்தார். ஆங்கிலத்தின் சிறிய எழுத்துகளுக்கு அந்தக் கணினியில் இடமில்லை. பிரகடனம் முழுவதும் பெரிய எழுத்துகளிலேயே ஏறியது. கணினிக்குள் ஒரு முறை நுழைந்துவிட்ட நூலை எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் படியெடுத்துக் கொடுக்கலாம், மூலப்படி தேய்வதில்லை என்பதே அவருடைய எண்ணத்தின் சாரம். இன்று இந்த நூலகத்தில் 70,000க்கும் மேற்பட்ட மின்னூல்கள் உள்ளன. உறுப்பினராகப் பதிவு செய்ய வேண்டியதில்லை. கோப்புகளுக்குப் பூட்டு இல்லை. ஒரே நூலை இணையப் பக்கமாகவும், ஈபப் என்ற மின்னூல் கோப்பாகவும், கிண்டில் கருவிக்கு ஏற்ற வடிவிலும், வெறும் எழுத்துக் கோப்பாகவும் எடுத்துக்கொள்ளலாம். உரிமக் குறிப்பை நீக்காமல் நண்பருக்கு அனுப்பினால் அது திருட்டும் ஆகாது. இரவல் கொடுத்துப் பழகியவனுக்கு இதைவிடப் பெரிய நிம்மதி வேறில்லை.

எழுத்தின் தரத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு விளக்கம். 2000ஆம் ஆண்டில் சார்லஸ் ஃபிராங்க்ஸ் தொடங்கிய பகிர்வு மெய்ப்புப் பணி, இந்த நூலகத்தின் போக்கையே மாற்றியது. பழைய அச்சுநூல் ஒன்றின் ஒவ்வொரு பக்கமும் ஸ்கேன் செய்யப்பட்டு, கணினி உணர்ந்த எழுத்துகளோடு தன்னார்வலர் ஒருவரின் திரையில் வந்து நிற்கிறது. அவர் படத்தையும் எழுத்தையும் ஒப்பிட்டுத் திருத்துகிறார். அதே பக்கம் வேறொருவரிடம் சென்று மீண்டும் சரிபார்க்கப்படுகிறது. இவ்வாறு பல சுற்றுகளைக் கடந்த பிறகே நூலாகத் தொகுக்கப்படுகிறது. நேரமில்லாதவர் ஒரு நாளைக்கு ஒரு பக்கம் பார்த்தாலும் அது நூலில் சேர்ந்துவிடும். ஆகவே இந்த வழியில் வந்த நூல்களில் பிழைகள் அரிது. தொடக்க காலத்தில் சேர்க்கப்பட்டவற்றை மட்டும் சற்று எச்சரிக்கையோடு அணுக வேண்டும். அவற்றுள் பலவற்றில், எந்த அச்சுப் பதிப்பிலிருந்து எடுக்கப்பட்டது என்ற குறிப்பே இருப்பதில்லை.

உலக இலக்கியம் தேடி இங்கு வருபவர் முதலில் பார்க்க வேண்டியது மொழிபெயர்ப்பாளரின் பெயரை. மூல ஆசிரியரின் பெயரை யாரும் பார்த்துவிடுவார்கள். மொழிபெயர்ப்புக்குத் தனியாகப் பதிப்புரிமை உண்டு என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. பண்டைக் கிரேக்கக் கவிஞர் ஹோமர் யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் ஹோமரை 2017இல் ஆங்கிலத்தில் தந்த எமிலி வில்சனின் சொற்கள் அவருக்குச் சொந்தம். இந்த நூலகம் அமெரிக்கச் சட்டத்தின்படி இயங்குவதால், பழைய நூல்களைப் பொறுத்தவரை வெளியாகி 95 ஆண்டுகள் முடிந்தவையே பெரும்பாலும் இதற்குள் நுழைகின்றன. அதன் விளைவாக, நாம் இங்கே படிக்கும் ருஷ்யாவும் கிரேக்கமும் இத்தாலியும் விக்டோரியா மகாராணி காலத்து ஆங்கிலத்தின் வழியாகவோ, அதற்கு ஓரிரு தலைமுறை முன்பின்னான ஆங்கிலத்தின் வழியாகவோதான் பெரும்பாலும் நம்மை வந்தடைகின்றன.

ருஷ்ய இலக்கியம் என்று தேடினால் மீண்டும் மீண்டும் எதிர்ப்படும் பெயர் கான்ஸ்டன்ஸ் கார்னெட். துர்கனேவ், டால்ஸ்டாய், தஸ்தாயெவ்ஸ்கி, செகாவ் என்று ஏறத்தாழ 70 தொகுதிகளை மொழிபெயர்த்தவர். அந்த உழைப்பு இல்லாவிட்டால் ஆங்கிலம் வழியே உலகம் ருஷ்ய நாவலை அறிந்துகொள்ள இன்னும் பல ஆண்டுகள் ஆகியிருக்கும். ஆனால் ஆங்கில வாசகர்களுக்கு டால்ஸ்டாய்க்கும் தஸ்தாயெவ்ஸ்கிக்கும் வேறுபாடு தெரியாமல் போனதற்குக் காரணம், அவர்கள் படித்தது இருவரையுமல்ல, கார்னெட்டைத்தான் என்று கவிஞர் ஜோசப் பிராட்ஸ்கி குறை சொன்னார். இந்தக் குறை எனக்கும் ஓரளவு உடன்பாடே. தஸ்தாயெவ்ஸ்கியின் பாத்திரங்கள் மூச்சிரைக்கப் பேசும் இடங்களிலும் கார்னெட்டின் வாக்கியங்கள் தேநீர்க் கோப்பையைச் சிந்தாமல் ஏந்திக்கொண்டு நடக்கின்றன. டால்ஸ்டாயின் ‘போரும் அமைதியும்’ நாவலுக்கு லூயிஸ், அய்ல்மர் மாட் தம்பதியரின் மொழிபெயர்ப்பு இங்கே கிடைக்கிறது. ருஷ்யாவில் பல ஆண்டுகள் வாழ்ந்து, டால்ஸ்டாயோடு நேரில் பழகியவர்கள் அவர்கள். 1920களின் தொடக்கத்தில் வெளியான அந்த மொழிபெயர்ப்பை இன்றும் தயங்காமல் பரிந்துரைப்பேன். அதன் நடை பழையதாகத் தோன்றுவது எனக்குக் குறையாகப்படவில்லை, நாவல் சொல்லும் காலமும் பழையதுதானே.

பழைய மொழிபெயர்ப்புகள் மட்டுமே இருப்பதைக் குறையென்று எண்ணியிருந்த என் கருத்தை மாற்றியது ஹோமரின் காவியமான ஒடிசி. நாங்கள் நான்கு நண்பர்கள் சேர்ந்து வாரம் இரண்டு காண்டங்களாக அதைப் படிக்க முடிவு செய்தோம். இந்த நூலகத்தில் ஒடிசிக்கு ஒன்றல்ல, பல மொழிபெயர்ப்புகள் உள்ளன. ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டோம்: அடியிறுதி இயைபோடு கூடிய ஈரடிகளில் 1725-26இல் அலெக்சாண்டர் போப் தந்தது, 1791இல் வில்லியம் கூப்பர் இயைபின்றிச் செய்யுளில் தந்தது, 1879இல் புட்சரும் லேங்கும் உரைநடையில் தந்தது, 1900இல் சாமுவேல் பட்லர் மேலும் எளிய உரைநடையில் தந்தது. முதல் கூட்டத்தில் முதல் வரியைத் தாண்டவே ஒரு மணி நேரம் ஆயிற்று.

காரணம் ஒற்றைச் சொல். கதைத் தலைவன் ஒடிசியூஸை ஹோமர் முதல் வரியிலேயே ‘பாலிட்ரோபோஸ்’ என்கிறார். பல திருப்பங்களை உடையவன் என்று சொல்லுக்குச் சொல்லாகப் பொருள் கொள்ளலாம். அவன் அலைந்த வழிகளின் திருப்பங்களா, அவன் மனத்தின் திருப்பங்களா என்பதை அந்தச் சொல் சொல்லாமல் விட்டுவிடுகிறது. பட்லருக்கு அவன் உபாயங்கள் அறிந்த வீரன். புட்சருக்கும் லேங்குக்கும் வேண்டிய வேளையில் சட்டென்று கைகொடுக்கும் மதியுடையவன். கூப்பருக்குக் கூர்மதியால் புகழ் பெற்றவன், எதற்கும் வளையும் மேதை. போப்புக்கோ அறிவின் பல்வேறு கலைகளில் பேர்பெற்ற பெரியவன். தந்திரத்தின் வாடையே அதில் இல்லை. நால்வரும் ஒரே வரியைப் படித்துவிட்டு நான்கு வெவ்வேறு மனிதர்களைப் பற்றி வாதிட்டுக்கொண்டிருந்தோம். ஒரே ஒரு நவீன மொழிபெயர்ப்பை நால்வரும் வைத்துக்கொண்டிருந்தால், அது எத்தனை சிறந்ததாக இருந்தாலும், அந்த வாதம் எழுந்திருக்காது. மூலமொழி அறியாத வாசகன் மூலத்தை நெருங்குவதற்கு, பல மொழிபெயர்ப்புகளை அருகருகே வைத்துப் பார்ப்பதைக் காட்டிலும் எளிய வழியை நான் அறியேன்; அதை இந்த நூலகம் செலவின்றிச் செய்து தருகிறது.

பட்லரைத் தேர்ந்தெடுத்த நண்பர் தம் நூலில் ஒடிசியூஸ், கிரேக்கத் தெய்வமான அதீனா என்ற பெயர்களே இல்லை என்று குழம்பிப்போனார். பட்லர் கிரேக்கப் பெயர்களை விட்டு யுலிசஸ், மினெர்வா என்று ரோமானியப் பெயர்களையே ஆளுகிறார். ஒடிசியை எழுதியவர் ஒரு பெண் என்று 1897இல் தனி நூலே எழுதி வாதிட்டவர் அவர் என்று சொன்னதும் நண்பரின் குழப்பம் மறைந்து ஆர்வம் பிறந்தது. அந்த வாதத்தை அறிஞர்கள் பெரிதாக ஏற்கவில்லை என்பதை அடுத்த வாரம்தான் சொன்னேன்.

மொழிபெயர்ப்பாளர்கள் எழுதிய முன்னுரைகளைத் தாண்டிச் செல்ல வேண்டாம் என்றும் சொல்வேன். ‘டான் குயிக்ஸோட்’ என்ற ஸ்பானிய நாவலை 1885இல் ஆங்கிலத்தில் தந்த ஜான் ஆர்ம்ஸ்பி, தமக்கு முன் அதை மொழிபெயர்த்தவர்களை ஒவ்வொருவராக நிறுத்திக் கணக்குக் கேட்கிறார். அதைப் படித்த பிறகு, மொழிபெயர்ப்பு என்பது எத்தனை பொறாமையும் காதலும் கலந்த தொழில் என்பது புரியும்.

பெயரைப் பார்க்க வேண்டும் என்று இத்தனை அழுத்திச் சொல்வதற்கு நான் பட்ட ஒரு பாடும் காரணம். ஓர் இணைய விற்பனைத் தளத்தில் அழகான அட்டையைக் கண்டு ருஷ்ய நாவல் ஒன்றைப் பணம் கொடுத்து வாங்கினேன். மொழிபெயர்ப்பாளர் பெயர் எங்குமில்லை. இரண்டு பக்கம் படித்ததும் பழகிய குரலாக இருக்கிறதே என்று குட்டன்பர்க் கோப்போடு ஒப்பிட்டேன். எழுத்துக்கு எழுத்து கார்னெட்டின் மொழிபெயர்ப்பு. சட்டப்படி அதில் தவறு இருக்காது. ஆனால் கண்பார்வை மங்கும்வரை உழைத்த ஒருவரின் பெயரை அட்டையிலிருந்து துடைத்துவிட்டு விற்பதை எனக்கு ஏற்க முடியவில்லை. குட்டன்பர்க் பட்டியலிலோ ஆசிரியர் பெயருக்கு அடுத்து மொழிபெயர்ப்பாளர் பெயர் தனியாக நிற்கிறது. அதைச் சொடுக்கினால் அவர் மொழிபெயர்த்த பிற நூல்களும் வரிசையாக வருகின்றன. ஆசிரியரைப் பின்தொடர்வதுபோல மொழிபெயர்ப்பாளரைப் பின்தொடர்ந்து படிப்பது ஒரு தனிச் சுவை.

இனி இல்லாதவற்றைச் சொல்ல வேண்டும். உலக இலக்கியம் என்ற சொல்லால் இன்று நாம் குறிப்பவற்றில் பெரும்பகுதி இங்கில்லை. 1958இல் வந்த நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்செபேயின் முதல் நாவலோ, 1967இல் வந்த கொலம்பிய எழுத்தாளர் மார்க்வெஸின் பெருநாவலோ கிடைக்காது. நம் வாழ்நாளில் பலருக்கு அவை இங்கே கிடைக்கப்போவதுமில்லை. இது நூலகத்தாரின் குற்றமன்று, சட்டம் போட்ட எல்லை. ஆனால் அந்த எல்லையால் விளையும் சாய்வை வாசகர் உணர்ந்திருக்க வேண்டும். இந்த அலமாரிகளில் ஆங்கிலத்தில் காணும் ஆப்பிரிக்காவை எழுதியவர்களில் மிகப் பலர் ஐரோப்பியப் பயணிகளும் அதிகாரிகளும் மதபோதகர்களுமே. ஐரோப்பா தன்னைத் தானே பேசுகிறது. பிற நிலங்கள் பெரும்பாலும் பேசப்படுகின்றன. தாகூர் தாமே ஆங்கிலத்தில் ஆக்கிய ‘கீதாஞ்சலி’ போன்ற சில விலக்குகள் உண்டு. இதை மட்டுமே படித்துவிட்டு உலகத்தைப் படித்துவிட்டதாக எண்ணுபவர் ஏமாந்துபோவார்.

மொழிகளின் பங்கீட்டிலும் ஒரு வியப்பு. ஆங்கிலமே பெரும்பகுதி; பிரெஞ்சும் ஜெர்மனும் அடுத்து வருவதை எதிர்பார்க்கலாம். அவற்றோடு தோளுரசி நிற்பது ஃபின்னிஷ். அரைக்கோடிக்குச் சற்று மேற்பட்டோர் பேசும் மொழிக்கு இத்தனை நூல்கள் இருப்பதற்குச் சில தன்னார்வலர்களின் விடாமுயற்சியே காரணம். ஒரு மொழியின் இடம் இங்கே அதைப் பேசுவோரின் எண்ணிக்கையைப் பொறுத்ததன்று, மெய்ப்புப் பார்க்க முன்வருவோரைப் பொறுத்தது.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறுவதையும் நினைவில் வைக்க வேண்டும். அமெரிக்காவில் உரிமை முடிந்த நூல் வேறொரு நாட்டில், ஆசிரியர் இறந்து 70 ஆண்டுகள் ஆகாததால், இன்னும் உரிமைக்குள் இருக்கலாம். எழுத்தாளர் தாமஸ் மன் உள்ளிட்ட மூவரின் 18 நூல்களைக் குறித்து ஒரு ஜெர்மன் பதிப்பகம் தொடுத்த வழக்கில் 2018இல் தீர்ப்பு வந்தபோது, நூலகத்தார் ஜெர்மனியிலிருந்து வரும் வாசகர் அனைவருக்கும் கதவைச் சாத்தினார்கள். 2021இல் சமரசம் ஏற்பட்ட பிறகே திறந்தார்கள்.

காதால் படிக்க விரும்புபவர்களுக்கு, 2005இல் ஹ்யூ மெக்குவயர் தொடங்கிய லிப்ரிவாக்ஸ் தளம் இந்நூல்களில் ஏராளமானவற்றை ஒலிநூல்களாக வைத்திருக்கிறது. வாசிப்பவர்கள் தன்னார்வலர்கள், எந்தக் குரலையும் குரலுக்காக மறுப்பதில்லை என்பது அவர்கள் கொள்கை. ஆகவே ஒரே நாவலின் அத்தியாயங்கள் பல குரல்களில் மாறி மாறி ஒலிக்கும். சிலருக்கு இது எரிச்சலூட்டும். பக்க அமைப்பின் அழகை நாடுபவர்கள், பெரும்பாலும் இதே கோப்புகளை எடுத்துச் செப்பமாக வடிவமைத்துத் தரும் ஸ்டாண்டர்ட் ஈபுக்ஸ் தளத்துக்குப் போகலாம். அங்கே நூல்கள் குறைவு, கண்ணுக்கு இதம் அதிகம்.

ஒடிசி முடிந்த பிறகு எங்கள் நால்வர் குழு எழுவரானது. இணைப்பை அனுப்பினால் போதும், புத்தகம் தேடி யாரும் அலைய வேண்டியதில்லை என்பதே அதற்குக் காரணம். இப்போது கெஞ்சியின் கதையைப் படித்துக்கொண்டிருக்கிறோம். பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முராசாகி ஷிகிபு என்ற ஜப்பானிய அரண்மனைப் பெண்மணி எழுதியது, 54 அத்தியாயங்கள். 1882இல் சுயேமட்சு கெஞ்சோ ஆங்கிலத்தில் தந்ததை எடுத்துக்கொண்டோம். அது முதல் 17 அத்தியாயங்களோடு நின்றுவிடுகிறது என்று தொடக்கத்திலேயே எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். ஆயினும் சென்ற வாரம் பதினைந்தாம் அத்தியாயத்தை முடித்த நண்பர், மீதியை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கேட்டு நள்ளிரவில் செய்தி அனுப்பியிருந்தார். முழு மொழிபெயர்ப்பு ஒன்றை அச்சுநூலாக என் அலமாரியில் வைத்திருக்கிறேன். எழுவரில் யாருக்கு முதலில் இரவல் கொடுப்பது என்பதுதான் இப்போது என் கவலை.