தொடைக்கு இடம் விட்டுத் தைத்த பேண்ட் உண்டா? லெக்கிங்ஸ் முதல் ஜீன்ஸ் வரை ஓர் அலசல்

ஜிம், சைக்கிள், கபடி, ஓட்டம் என்று காலுக்கு வேலை கொடுக்கும் பெண்களுக்கு டிரையல் ரூமில் நடப்பது பெரும்பாலும் ஒன்றுதான். இடுப்புக்குச் சரியான பேண்ட் தொடையில் பாதி ஏறி நின்றுவிடும். தொடைக்குச் சரியானது இடுப்பின் பின்பக்கம் கை நுழையும் அளவுக்குத் திறந்து நிற்கும். வெளியே நிற்கிற விற்பனைப் பெண், "ரெண்டு சைஸ் மேல எடுத்துட்டு வரட்டுமாக்கா? உங்களுக்குத் தொடை கொஞ்சம் ஹெவி" என்பார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ரெடிமேட் கம்பெனிகள் ஒரு நடுத்தர சைஸுக்குப் பேட்டர்ன் போட்டு, மற்ற சைஸ்களை அதிலிருந்து கூட்டிக் குறைத்துக்கொள்கின்றன. இடுப்பு இவ்வளவு என்றால் தொடை இவ்வளவுதான் இருக்கும் என்ற கணக்கு அதற்குள்ளேயே வந்துவிடுகிறது. கடையில் மாட்டியிருக்கும் சைஸ் சார்ட்டில் தொடை அளவு என்று ஒரு வரிகூட இருக்காது.

பாதித் தொடையில் பேண்ட் நின்றதும் "நான்தான் குண்டாகிட்டேன்" என்று வருந்தி வெளியே வருகிறவர்கள் நிறைய. டோக்கியோ ஒலிம்பிக்கில் 49 கிலோ பிரிவில் பளுதூக்கும் வீராங்கனை மீராபாய் சானு தலைக்கு மேல் தூக்கியது 115 கிலோ. தன் எடையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அந்த எடையைத் தரையிலிருந்து கிளப்பியதில் பெரும்பங்கு தொடைக்கும் பின்புறத்துக்கும்தான். டென்மார்க்கில் சுமார் 2,800 ஆண் பெண்களைப் பல ஆண்டு தொடர்ந்து கவனித்து 2009-ல் வெளிவந்த ஆய்வு, தொடைச் சுற்றளவு ஏறக்குறைய 60 செ.மீ.க்குக் கீழே போகப் போக இதய நோயும் சீக்கிர மரணமும் அதிகமாக இருந்ததைக் காட்டியது. தொடை பெருத்தால் ஆயுசு கூடும் என்று அதற்கு அர்த்தமில்லை, இரண்டும் சேர்ந்து வந்தன என்பது மட்டுமே. ஆனாலும் ஒல்லித் தொடைதான் ஆரோக்கியம் என்று நம்ப அதில் இடமில்லை. நிற்கும்போது இரு தொடைக்கும் நடுவே தெரிய வேண்டுமாம் ஓர் இடைவெளி. அதைப் பெருமளவு தீர்மானிப்பது இடுப்பெலும்பின் அகலமும் அமைப்பும். எந்த டயட்டும் எலும்பை நகர்த்தாது.

இனி பேண்ட்டுக்கு வருவோம். கடைக்குப் போகுமுன் ஓர் இன்ச் டேப் வேண்டும். கால்களை இடுப்பு அகலத்துக்கு வைத்து, எடையை இரண்டு காலிலும் சமமாகப் போட்டு நின்று, பின்புற மடிப்புக்குச் சற்றுக் கீழே, தொடை மிகவும் பருத்திருக்கும் இடத்தில் டேப்பைத் தரைக்கு இணையாகச் சுற்றுங்கள். இறுக்கவும் வேண்டாம், தொங்கவிடவும் வேண்டாம். வலது, இடது இரண்டையும் அளந்து பெரியதை எடுங்கள், ஒரு செ.மீ. வித்தியாசம் சகஜம். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து மறுபடி அளந்தால் எண் ஏறும். அந்த ஏற்றம்தான் பஸ்ஸில் உட்காரும்போது நறுக்கென்று பிடிப்பது. கடையில் பேண்ட்டைத் தட்டையாக விரித்து, கவட்டுத் தையலுக்கு ஓர் இன்ச் கீழே குறுக்கே அளந்து இரண்டால் பெருக்கினால் அந்தப் பேண்ட்டின் தொடை அளவு கிடைத்துவிடும்.

உங்கள் தொடை 62 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஜிம் லெக்கிங்ஸ் உடம்பைவிடப் பத்து முதல் பதினைந்து சதவீதம் சின்னதாக இருக்க வேண்டும், தட்டையில் 26.5 முதல் 28 செ.மீ. வரை சரி. ஸ்ட்ரெச் ஜீன்ஸ் என்றால் 30, 31. நீட்சியே இல்லாத முழுக் காட்டன் ஜீன்ஸ், லினன், காட்டன் பேண்ட் எல்லாம் 33-க்குக் குறைந்தால் எடுக்காதீர்கள். ஆன்லைனில் வாங்கும்போது இந்த ஒற்றை எண்ணை விற்பவரிடம் கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லும் கடைக்கு நம் பணம் போகட்டும்.

லெக்கிங்ஸில் இரண்டு ஜாதி. குர்தாவுக்குக் கீழே போடுவது 95 சதவீதம் காட்டன், 5 சதவீதம் எலாஸ்டேன் (ரப்பர் போல இழுபடும் இழை) கலந்த சிங்கிள் ஜெர்சி என்ற மெல்லிய பின்னல் துணி. வெயிலுக்கு இதமானது, விலையும் குறைவு. ஆனால் பின்னலின் கண்ணிகள் இழுபடும்போது விரிந்துவிடுவதால் பருத்த தொடையில் உள்ளே இருப்பது தெரியும். உள்தொடையில் காட்டன் இழைகள் ஒன்றோடொன்று உரசி உருண்டை கட்டும். நான்கைந்து மாதத்தில் அந்த இடம் சொரசொரத்து மெலியும். தினமும் நடப்பவர்கள் இதை ஒரு சீசன் துணி என்று நினைத்து வாங்கினால் ஏமாற்றமில்லை. ஜிம் லெக்கிங்ஸ் வேறு விஷயம். நைலான் 75 முதல் 80 சதவீதம், மிச்சம் எலாஸ்டேன், இரட்டையாகக் கோத்த இன்டர்லாக் பின்னல், சதுர மீட்டருக்கு 230 கிராமுக்கு மேல் எடை. இந்த நான்கும் லேபிளிலோ விவரத்திலோ இருந்தால் உட்கார்ந்து எழும்போது உள்ளே இருப்பது அனேகமாகத் தெரியாது. பாலியஸ்டர் கலவை மலிவு, சீக்கிரம் உலரும், ஆனால் வியர்வை நாற்றத்தைப் பிடித்துக்கொள்ளும். பூப்போட்ட பாலியஸ்டரில் இன்னொரு சிக்கல் உண்டு. வெள்ளைத் துணியின் மேல்பரப்பில் மட்டும் அச்சடித்திருப்பார்கள். தொடையில் இழுபட்டதும் அடியிலிருக்கும் வெள்ளை பல்லிளிக்கும். ஒற்றை அடுக்கை உள்ளே கைவிட்டு விரித்துப் பாருங்கள். விரல் நகம் தெரிந்தால் திருப்பி வைத்துவிடலாம்.

அதைவிட முக்கியம் கவட்டில் தனித் துண்டு இருக்கிறதா என்பது. நான்கு தையலும் ஒரே புள்ளியில் சந்திக்கும் லெக்கிங்ஸ், தொடை வலுத்தவர்களுக்கு முதலில் கிழிவது அந்தப் புள்ளியில்தான். டைமண்ட் அல்லது முக்கோண வடிவில் ஒரு துண்டு வைத்திருந்தால் இழுவிசை பிரிந்துபோகும். உள்தொடைத் தையல் தட்டையான ஃப்ளாட்லாக்காக இருக்க வேண்டும். மேடிட்ட ஓவர்லாக் தையல் ஐந்து கிலோமீட்டர் நடையில் தோலை அறுத்துவிடும். "தொடையை ஒல்லியாகக் காட்டும்" என்று எழுதியிருக்கும் இறுக்கமான ரகங்களுக்கு நம் மதிப்பெண் குறைவு. சதையை அமுக்கி முழங்காலுக்கு மேலோ இடுப்புப் பட்டைக்கு மேலோ பிதுக்குவதைத் தவிர அவை எதுவும் செய்வதில்லை. தொடையில் சுற்றிக்கொள்ளும் நியோப்ரீன் ரப்பர் பட்டைகளும் அப்படித்தான். குறைவது வியர்வை, ஒரு சொம்புத் தண்ணீரில் திரும்பிவிடும்.

ஜீன்ஸ்தான் பெரிய தலைவலி. போட்டுப் பார்க்கும்போது கண்ணாடியில் சுருக்கங்களைக் கவனியுங்கள். கவட்டிலிருந்து இரு பக்கமும் மீசை மாதிரி படுக்கைக் கோடுகள் ஓடினால் தொடை பற்றவில்லை. பாக்கெட் வாய் பிளந்து நின்றால் தொடையின் வெளிப்பக்கத் தசை பக்கத் தையலைத் தள்ளுகிறது. உட்கார்ந்ததும் பின்பக்கப் பட்டை இறங்கினால் சீட் (பின்புறம்) உயரம் போதவில்லை. அடுத்த சைஸ் எடுத்தால் இது தீராது, இடுப்பில் உயரமாக ஏறும் ஹை-ரைஸ் எடுத்தால் தீரலாம். ஸ்கின்னியை மறந்துவிடலாம். ஸ்ட்ரெய்ட் ஃபிட், அல்லது தொடையில் அகன்று கணுக்காலில் ஒடுங்கும் டேப்பர் ஃபிட் ஒத்துவரும். சில கம்பெனிகள் "கர்வி" என்ற பெயரில் அதே ஹிப்புக்கு (பின்புறச் சுற்றளவுக்கு) இடுப்பை மட்டும் சிறிதாக வெட்டித் தருகின்றன. முதலில் அதைத் தேடுங்கள். ஆண்கள் பிரிவில் லீவைஸ் 541 போன்ற அத்லெட்டிக் டேப்பர் ரகங்களில் தொடை தாராளம், பாக்கெட்டும் உருப்படியானது. ஆனால் ஆண்கள் வெட்டில் இடுப்பிலிருந்து ஹிப்புக்கு வளைவு குறைவு என்பதால் பின்னால் இன்னும் அதிகம் திறக்கும். இடுப்பைப் பிடித்துத் தைக்கும் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

விதி ஒன்றுதான். தொடைக்கு வாங்கி இடுப்பைப் பிடியுங்கள். இடுப்புக்கு வாங்கித் தொடையை விரிக்க முடியாது, ஜீன்ஸ் உள்தையலில் விரிக்கத் துணியே விட்டிருக்க மாட்டார்கள். பின் நடுத்தையலைப் பிரித்துப் பட்டையோடு சேர்த்துப் பிடிக்கச் சொல்லுங்கள். இரண்டு இன்ச் வரை பிடிக்கலாம். அதற்கு மேல் போனால் பின் பாக்கெட்டுகள் இரண்டும் ஒட்டிக்கொண்டு அசிங்கமாகிவிடும். பக்கத் தையலில் பிடித்துத் தருகிறேன் என்று டெய்லர் சொன்னால் விடாதீர்கள், முன் பாக்கெட் கோணும். துணி 98 காட்டன், 2 எலாஸ்டேன் இருந்தால் போதும். எலாஸ்டேன் அதிகமான, ஜீன்ஸ் மாதிரித் தெரியும் மெல்லிய ஜெக்கிங்ஸ் முதல் வாரம் சொர்க்கம். பிறகு முட்டியில் பை விழும்.

உள்தொடையில் ஓட்டை விழுவது எல்லா ஜீன்ஸுக்கும் வரும் நோய். முதலில் நீலம் வெளுக்கும், பிறகு நீள இழைகள் அறுந்து வெள்ளைக் குறுக்கிழை மட்டும் வலை போல நிற்கும். அந்த வலை நிலையிலேயே உள்பக்கம் மெல்லிய டெனிம் துண்டு வைத்து, நெருக்கமாக முன்னும் பின்னும் மெஷின் ஓட்டித் தைத்துவிட்டால் இன்னொரு வருடம் ஓடும். ஓட்டையான பிறகு போனால் ஒட்டுத் துண்டு வெளியே தெரியும். புது ஜீன்ஸிலேயே முன்கூட்டி ஒட்டுப் போட்டுக்கொள்வதும் புத்திசாலித்தனம்தான்.

குர்தா பேண்ட்களில் பட்டியாலாவுக்கும் சல்வாருக்கும் பிரச்சினையே இல்லை. சுடிதார் பேண்ட் குறுக்கு வெட்டில் தைப்பதால் கொஞ்சம் இழுபடும். அது தொடையைவிட ஆடுதசையில்தான் மாட்டும். நேர் வெட்டில் வரும் சிகரெட் பேண்ட்தான் குனிந்ததும் சீட்டில் கிழிவது. தைக்கக் கொடுப்பவர்கள், டெய்லர் இடுப்பு, சீட், நீளம், பாட்டம் எடுத்ததும் எழுந்து வந்துவிடாதீர்கள். "அண்ணே, தொடை, முட்டி, கெண்டைக்கால் மூணும் உட்கார வச்சு எடுங்க" என்று கேளுங்கள். உள்தையலில் ஓர் இன்ச் துணி விடச் சொல்லுங்கள். சேலைக்குள் பாவாடைக்குப் பதிலாகப் போடும், உடம்பைப் பிடித்துக் கீழே மீன்வால் போல விரியும் ஃபிஷ்டெயில் ஷேப்வேர் எடுப்பாகத் தெரியும், ஆனால் பக்கத்தில் நல்ல நீளமான பிளவு இல்லாதது பஸ் படி ஏறவிடாது.

பாவாடை, ஃபிராக் போடும் நாளில் தொடைகள் உரசிப் புண்ணாவதற்கு உள்ளே போடும் ஷார்ட்ஸ்தான் நல்ல தீர்வு. சுருண்டு மேலே ஏறுகிறது என்பதுதான் எல்லாருடைய புகாரும். தொடை மேலே பருத்துக் கீழே ஒடுங்குவதால், கால் நீளம் குறைந்த ஷார்ட்ஸ் பருமனான இடத்தில் முடிந்து வழுக்கும். தொடைகள் ஒன்றையொன்று தொடும் இடத்துக்கு நான்கு விரல் கீழே முடிவதாக எடுங்கள். பலருக்கு உள்தையல் நீளம் 18 முதல் 20 செ.மீ. சரிவரும். ஓரத்தில் சிலிக்கோன் பட்டை வைத்தது நழுவாது, ஆனால் சென்னை மே மாதத்தில் அது அரிக்கும். ஷார்ட்ஸ் வேண்டாம் என்றால் வாசலின் தடவலாம். வியர்வை நாளில் மதியம் ஒருமுறை மறுபடி தேவைப்படும். பவுடர் வேண்டாம், ஈரத்தில் கட்டியாகி இன்னும் உரசும். அரிப்பு வட்டமாக, ஓரம் சிவந்து பரவினால் அது உரசல் புண் அல்ல, படர்தாமரையாக இருக்கலாம். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த கிரீம் இரண்டு நாள் அடக்கிப் பிறகு பெரிதாக்கும். தோல் டாக்டரிடம் காட்டுங்கள்.

துவைக்கும்போது சுடுதண்ணீர், ப்ளீச், கம்ஃபர்ட் மூன்றும் எலாஸ்டேனுக்கு எதிரி. உள்புறம் திருப்பிப் பச்சைத் தண்ணீரில் அலசி, நிழலில் காயப்போடுங்கள்.

குறைந்த விலையில் நல்ல ஜிம் லெக்கிங்ஸ் வேண்டுமென்றால் திருப்பூர் காதர்பேட்டையின் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் (ஏற்றுமதியில் மிஞ்சியதை விற்கும்) கடைகள் போகத்தக்கவை. லேபிள் வெட்டியிருக்கும், சைஸ் எழுத்தும் ஐரோப்பாவா அமெரிக்காவா தெரியாது. டேப்பை வைத்துத் தட்டையில் அளந்துதான் எடுக்க வேண்டும். தையல் விட்டுப்போன ரிஜெக்ட் பீஸ்களும் கலந்திருக்கும், கவட்டையும் உள்தையலையும் உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். ஆன்லைனில் வாங்கினால் டேக்கைக் கழற்றுமுன் வீட்டிலேயே முழுசாக உட்கார்ந்து எழுங்கள், ஒரு காலை ஸ்டூலில் வைத்து முன்னால் சாயுங்கள், ட்யூப்லைட்டுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து செல்போனில் பின்பக்கத்தைப் படம் எடுத்துப் பாருங்கள். இந்த மூன்றில் ஒன்றில் தோற்றாலும் ரிட்டர்ன் போட்டுவிடுங்கள்.